முப்பத்தொரு பேர்

புதன்கிழமை காலை விஷ்ணுப்ரியா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது நோட்டீஸ் போர்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து போனார்கள்.

போர்டில் ஒரு தாள். மூன்றாம் வார்டு நர்ஸ் பிளஸ்ஸி, நோயாளி ஒருவரின் மருத்துவ விவரங்களை வெளியாருக்குச் சொன்ன குற்றத்துக்காக உடனடியாகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார். கீழே ஏஓ எனப்படும் நிர்வாக அதிகாரி அனந்தகிருஷ்ணனின் கையெழுத்து. முத்திரை கோணலாக விழுந்திருந்தது.

விஷ்ணுப்ரியா அதை இரண்டு முறை படித்தாள். அந்தப் பெயரை அனந்தகிருஷ்ணனுக்குச் சொன்னது அவள்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அந்த நூற்றிருபது படுக்கை ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பு அவள் ஒருத்திதான். மாடிப்படிக்கு அடியில், ஆக்ஸிஜன் சிலிண்டர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவள் அறை. யாருக்கு எந்த லாகின், யார் எதைத் திறந்து பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. முந்தின நாள் சாயங்காலம் முடிச்சூரில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது அனந்தகிருஷ்ணன் போன் செய்தார்.

"விஷ்ணுப்ரியா, ஒரு பேஷண்ட் ஃபைல். ஸ்ம்ருதின்னு பேரு. நவம்பர்ல ரெண்டு நாள் இருந்திருக்காங்க. மாத்திரை பேரு, மில்லிகிராம் வரைக்கும் வெளிய போயிருக்குன்னு அவங்கப்பா கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காரு. போன வாரம் அதை யார் ஓபன் பண்ணாங்கன்னு பாருங்க. அர்ஜென்ட்."

வாசலில் உட்கார்ந்தே லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். யார், எந்த நேரத்தில், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, யாருடைய ஃபைலைத் திறந்தார்கள் என்று சர்வர் வரி வரியாகப் பதிந்து வைக்கும். லாக் என்பார்கள். போன வாரம் அந்த ஃபைல் ஒரே ஒரு முறைதான் திறக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை, பதினொன்று நாற்பத்திரண்டு.

"பிளஸ்ஸி சிஸ்டர் ஐடி சார். ஆனா அந்த ஐடிய..."

"போதும், தேங்க்ஸ்" என்று அவர் வைத்துவிட்டார்.

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வரவேண்டிய வாக்கியம்தான் முக்கியம். மறுபடியும் கூப்பிட்டு அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் போர்டில் தாள் தொங்குகிறது.

பிளஸ்ஸி அவள் அறை வாசலிலேயே நின்றிருந்தாள். யூனிஃபார்ம் இல்லை, சாதாரணச் சுடிதார். அழுது முடித்த முகம் இல்லை அது. இனிமேல் என்ன செய்வது என்று தெரியாத முகம். சேலையூரில் அம்மாவோடு இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்.

"அக்கா, நான் எதுவும் செய்யலக்கா. அந்தப் பொண்ணு யாருன்னே எனக்கு ஞாபகம் இல்ல. ஏஓ சார் கேக்கவே மாட்டேங்கறாரு. 'கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா'ங்கறாரு."

"உள்ள வா."

"என் பாஸ்வேர்டு வார்டுல எல்லாருக்கும் தெரியும். மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருக்கு. நானா ஒட்டினேன்? இன்சார்ஜ் சிஸ்டர்தான் ஒட்டச் சொன்னாங்க."

விஷ்ணுப்ரியாவுக்கு அது நன்றாகத் தெரியும். அதுதான் அவளை எரித்தது. போன வருடம் ஜூன் மாதம் அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லாகின் போட்டுக் கொடுத்தாள். பத்து நிமிடம் தொடாமல் விட்டால் தானாக வெளியேறும்படி வைத்தாள். ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவர் கேட்கக் கூடாது என்று எழுதிச் சுற்றுக்கு விட்டாள். நான்கு நாள்தான் தாங்கியது. ஐந்தாம் நாள் அனந்தகிருஷ்ணன் கூப்பிட்டு, "டாக்டர்ஸ் எல்லாம் கத்தறாங்க. பேஷண்ட பாக்கறதா, பாஸ்வேர்டு அடிச்சுகிட்டு இருக்கறதா? நாம என்ன பேங்க்கா நடத்தறோம்? இங்க எல்லாரும் ஒரே ஃபேமிலிம்மா. பழையபடி மாத்துங்க" என்றார்.

அவள் மாற்றினாள். வார்டுக்கு ஒரு நர்ஸின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நர்ஸ்களின் லாகின்களை முடக்கினாள். மூன்றாம் வார்டுக்கு வைத்த பெயர், பிளஸ்ஸி. அப்போது அவள்தான் புதிதாகச் சேர்ந்தவள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள். அன்றைக்கு 'எழுத்துல குடுங்க சார்' என்று கேட்கக்கூட விஷ்ணுப்ரியாவுக்கு வாய் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை பதினொன்னே முக்காலுக்கு எங்க இருந்த?"

பிளஸ்ஸி யோசித்தாள். "வெள்ளிக்கிழமை... அந்த ஏழாம் பெட் தாத்தாவ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனேன். துளசிங்கம் அண்ணன் ஸ்ட்ரெச்சர் தள்ளினாரு. ரொம்ப நேரம் கீழயே காத்துட்டு இருந்தோம்."

விஷ்ணுப்ரியா லாகை மறுபடி திறந்தாள். இந்த முறை பெயரோடு நிறுத்தவில்லை. கடைசிக் கட்டம் வரை படித்தாள். ஃபைல் திறக்கப்பட்டது மூன்றாம் வார்டுக் கம்ப்யூட்டரில் இல்லை. தரைத்தளத்தில், பில்லிங் இரண்டாம் கவுண்டரில். அதே கம்ப்யூட்டரில் காலை ஒன்பது பத்திலிருந்து மாலை ஐந்து வரை உட்கார்ந்திருந்தவர் பில்லிங் சூப்பர்வைசர் ஜெயஸ்ரீ.

ஜெயஸ்ரீயின் லாகினில் பில்லை மட்டும்தான் பார்க்க முடியும். நோயின் பெயரையோ மருந்தையோ பார்க்க முடியாது. அதற்கு ஒரு நர்ஸின் பெயர் வேண்டும். வார்டில் எத்தனை ஊசி போட்டார்கள் என்று சரிபார்க்க பில்லிங்காரர்கள் பிளஸ்ஸியின் பாஸ்வேர்டைப் போட்டுக்கொள்வது பல மாதப் பழக்கம். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததே இல்லை.

துளசிங்கத்தை ஸ்கேன் அறை வாசலில் பிடித்தாள். வார்டு அட்டெண்டர், இருபது வருடமாக ஸ்ட்ரெச்சர் தள்ளித் தள்ளித் தோள் ஒரு பக்கம் இறங்கிய ஆள்.

"நல்லா ஞாபகம் கீது மேடம். ஜும்மா பாங்கு சொல்றதுக்கு முன்னாடி. அந்தப் பெரியவரு தண்ணி தண்ணினு கேட்டுகினே இருந்தாரு, இந்தப் பொண்ணு அவரு கைய வுடவே இல்ல. இங்க நோட்டுல டைம் போட்டு சைன் பண்ணிகீது பாருங்க." ஸ்கேன் அறை நோட்டை அவரே புரட்டிக் காட்டினார். உள்ளே போன நேரம் பதினொன்று இருபத்தைந்து, வெளியே வந்த நேரம் பன்னிரண்டு ஐந்து. பிளஸ்ஸியின் கையெழுத்து. "இன்னா அநியாயம் மேடம் இது? அந்தப் பொண்ணு மேல பழியப் போட்டுட்டு குந்திகினு கீறாங்க. எவன் கேட்டாலும் நான் சொல்றேன்."

நோட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நேரே பில்லிங்குக்குப் போனாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஜெயஸ்ரீக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம், கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறவில்லை. பக்கத்துக் கவுண்டர் பெண்ணை டீ வாங்கி வர அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணக் கட்டிக்க இருந்த பையன் எங்க காலனிம்மா. சின்னதுலேர்ந்து பாக்கறேன். நிச்சயதார்த்த பத்திரிகைல பொண்ணு பேரு, ஃபோட்டோ பாத்தேன். இங்க அட்மிட் ஆன பொண்ணாச்சேன்னு தோணிச்சு. பாத்தா வலிப்பு. மறைச்சு கல்யாணம் பண்ணப் பாக்கறாங்க. பையனோட அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு குடும்பம் ஏமாந்துடக் கூடாதுன்னுதான்."

"மாத்திரை பேரு, எத்தனை மில்லிகிராம்னு கூடச் சொல்லியிருக்கீங்களே மேடம்?"

"அவங்க நம்பணுமில்ல?"

விஷ்ணுப்ரியா கவுண்டர் மேல் குனிந்தாள். "அதுக்கு அந்த நர்ஸ் பேர்ல உள்ள போனீங்களா? இப்ப அவளுக்கு வேலை போயிடுச்சு. அது தெரியும்தானே உங்களுக்கு?"

"நான் அவளை மாட்டிவிடணும்னு பண்ணலயே" என்றார் ஜெயஸ்ரீ. பிறகு மனத்தாங்கலோடு, "நாளைக்கு உன் வீட்டுல ஒரு பையனுக்குப் பொண்ணு பாத்தா நீ விசாரிக்க மாட்டியா?" என்று கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார். தான் ஒரு நல்ல காரியம் செய்ததாக அவர் நம்பினார். அதுதான் விஷ்ணுப்ரியாவால் பொறுக்க முடியவில்லை. அங்கே நின்றால் கவுண்டர் அதிரக் கத்திவிடுவோம் என்று தெரிந்ததால், லாக்கின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அனந்தகிருஷ்ணன் அறைக்குப் போனாள்.

அனந்தகிருஷ்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பிரதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். போனில் ஸ்கேன் நோட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தாளை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"இத வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல சார்."

"நல்லது. ஜெயஸ்ரீ பதினெட்டு வருஷமா இருக்காங்க. டிரஸ்டி வீட்டுக்கு வேண்டியவங்க. இது வெளிய போனா பெரிய பேஜாராயிடும். பிளஸ்ஸிக்கு என்ன, சின்னப் பொண்ணு, நர்ஸிங்குக்கு எங்க போனாலும் வேலை இருக்கு. நானே நாலு இடத்துல சொல்லி விடறேன்." தண்ணீர் குடித்தார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த ஒரு வரிய மட்டும் லாக்லேர்ந்து எடுத்துடுங்க. இல்லேன்னா கம்ப்யூட்டர் பேரை மூணாம் வார்டுன்னு மாத்திடுங்க. முடியும்ல?"

முடியும். அந்த ஆஸ்பத்திரியில் அதைச் செய்யக்கூடியவள் அவள் மட்டும்தான்.

"பண்ண மாட்டேன் சார்."

"என்னது?"

"லாக்ல கை வெக்க மாட்டேன். அதை மாத்தலாம்னா அப்புறம் எதுக்கு சார் லாக்? எதுக்கு நான்?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. சரி, உங்களுக்குச் சங்கடமா இருந்தா விடுங்க. அட்மின் பாஸ்வேர்ட ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிட்டுப் போங்க. வெளிய ஆள் வெச்சுப் பாத்துக்கறேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். விஷ்ணுப்ரியா அந்தத் தாளைப் பார்த்தாள். ஜூன் மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் 'சரி சார்' என்று சொன்னாள். அந்த 'சரி சார்' எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று நினைத்தபோது, அவர் மீது வந்த கோபத்தைவிடத் தன் மீது வந்த கோபம் பெரிதாக இருந்தது.

"எழுதித் தர மாட்டேன். இந்த வேலை வேணாம்னா சொல்லுங்க, லெட்டர் குடுத்துட்டுப் போறேன். ஆனா போறதுக்கு முன்னாடி இதைச் சீஃப்கிட்ட காட்டிட்டுத்தான் போவேன்."

"விஷ்ணுப்ரியா!"

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். படிக்கட்டில் வேகமாக இறங்கினாள்.

கீழே வரவேற்பறையில் ஒரு பெண் நின்று பேசிக்கொண்டிருந்தாள். சத்தமாக இல்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. இருபத்தேழு வயதிருக்கும், தோளில் ஆபீஸ் பை.

"நடவடிக்கை எடுத்துட்டோம்னு எங்கப்பாவுக்கு மெயில் வந்திருக்கு. நான் அதைக் கேக்கல. என் ஃபைலை யார் யார் பாத்தாங்கன்னு லிஸ்ட் வேணும்னு எழுத்துல கேட்டிருக்கேன். லாக் இருக்கும்னு தெரியும். சிறுசேரில நானும் கம்ப்யூட்டர் வேலைதான் பாக்கறேன். இல்லைன்னு சொல்லிடாதீங்க."

விஷ்ணுப்ரியாவுக்கு அவள் யாரென்று கேட்கத் தேவைப்படவில்லை. அருகில் போனாள்.

"நீங்க ஸ்ம்ருதியா? நான் சிஸ்டம்ஸ் விஷ்ணுப்ரியா. லாக் இருக்கு. தர்றதா இல்லையான்னு சீஃப் டாக்டர்தான் சொல்லணும். வாங்க, ரெண்டு பேரும் சேந்தே கேக்கலாம்."

ஆஸ்பத்திரியை ஆரம்பித்த சீஃப் டாக்டர் தேவானந்தம் மதியம் இரண்டு மணிக்குப் புறநோயாளிகளை முடித்துவிட்டுச் சாப்பிடப் போவார். அன்று அவர் அறை வாசலில் இருவரும் வழியை மறித்தார்கள். பின்னாலேயே அனந்தகிருஷ்ணனும் மூச்சிரைக்க வந்துசேர்ந்தார்.

"சார், இது சின்ன விஷயம், நான் ஹேண்டில் பண்ணிட்டேன்" என்றார்.

"என்ன சின்ன விஷயம்?" என்றாள் ஸ்ம்ருதி. டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள். "சார், எனக்கு ஒரே ஒரு தடவை ஃபிட்ஸ் வந்துச்சு. இங்கதான் பாத்தாங்க, நல்லா பாத்தாங்க. மாத்திரை சாப்பிடறேன், வேலைக்குப் போறேன். நான் கட்டிக்கப் போறவர்கிட்ட ஞாயித்துக்கிழமை நேர்ல சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு வாரமா எப்படிச் சொல்லணும்னு யோசிச்சு வெச்சிருந்தேன். சனிக்கிழமை அவங்க அத்தை எங்கம்மாவுக்குப் போன் பண்ணி, என் டிஸ்சார்ஜ் ஷீட்ட வரி மாறாம படிச்சுக் காட்டறாங்க. கல்யாணம் நின்னது போகட்டும் சார். எங்களை மோசடிக்காரங்கன்னு சொல்லிட்டாங்க. நான் சொல்ல வேண்டியதை என் வாயால சொல்ல விடலையே. அந்த உரிமை யாருக்கு சார் இருக்கு?"

டாக்டர் அறைக்குள் திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "லிஸ்ட் எடும்மா" என்றார்.

விஷ்ணுப்ரியா அந்த அறைப் பிரிண்டரிலேயே எடுத்தாள். மூன்று பக்கம் வந்தது. ஸ்ம்ருதி சேர்ந்த நாளிலிருந்து அவள் ஃபைலைத் திறந்த எல்லாப் பெயர்களும், நேரமும், இடமும்.

"எத்தனை பேர்?" ஸ்ம்ருதி கேட்டாள்.

"முப்பத்தொரு பேர்."

"இதுல எனக்கு வைத்தியம் பாத்தவங்க?"

"நரம்பு டாக்டர், டூட்டி டாக்டர், எமர்ஜென்சில ஒரு நர்ஸ், வார்டுல ஒரு நர்ஸ், லேப்ல ஒருத்தர். அஞ்சு."

டாக்டர் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மீதி இருபத்தாறு பேரில் கேண்டீன் டோக்கன் போடுகிறவரின் பெயர் இருந்தது. வேலையை விட்டுப் போய் ஒரு வருடமான ஒரு ஃபார்மசிஸ்ட்டின் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் யார் நுழைந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. அனந்தகிருஷ்ணனின் பெயர் இரண்டு முறை வந்திருந்தது. "ரிவ்யூவுக்காக..." என்று அவர் ஆரம்பித்தார், யாரும் அவரைக் கேட்கவில்லை.

விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டே வந்த டாக்டர் இரண்டாம் பக்கத்தில் நின்றார்.

"இது என்ன? என் பேரு. மூணு தடவை. நான் இந்தப் பொண்ண இப்பதான் முதல் தடவை பாக்கறேன்."

"உங்க ஐடிய உங்க பி.ஏ. யூஸ் பண்றாங்க சார். ஜூனியர் டாக்டர்ஸ் ரெண்டு பேரும் யூஸ் பண்றாங்க. உங்க பாஸ்வேர்டு ரிசப்ஷன்லயும் தெரியும்."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"ஜூன்ல தனித்தனியா போட்டேன் சார். வேணாம்னு பழையபடி மாத்தச் சொல்லிட்டாங்க. மாத்தினது என் தப்பு. ஆனா பிளஸ்ஸி தப்பு இல்ல. அவ பேரை எட்டு பேர் உபயோகிச்சாங்க. வெள்ளிக்கிழமை அவ ஸ்கேன் ரூம்ல ஒரு பேஷண்ட் கையப் புடிச்சுகிட்டு நின்னா. இதோ கையெழுத்து. ஃபைலைத் திறந்தது பில்லிங் ரெண்டாம் கவுண்டர். அதை அழிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் முன்னாடி என்கிட்ட கேட்டாங்க."

டாக்டர் திரும்பி அனந்தகிருஷ்ணனைப் பார்த்தார். அனந்தகிருஷ்ணன் மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ம்ருதி மூன்று தாள்களையும் அடுக்கிப் பைக்குள் வைத்தாள். "இது எனக்கு வேணும். எங்க கொடுக்கணுமோ அங்க கொடுப்பேன்" என்றாள். டாக்டர் தடுக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவர் ஆரம்பித்தபோது, "எழுத்துல குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலமே போர்டிலிருந்து தாள் இறங்கியது. ஆனால் விஷ்ணுப்ரியா நினைத்த மாதிரி எதுவும் முழுதாக நடக்கவில்லை. ஜெயஸ்ரீயைக் குரோம்பேட்டையில் இருந்த ஆஸ்பத்திரியின் மருந்துக்கடைக்கு மாற்றினார்கள், அதே சம்பளத்தில். 'நல்லதுக்குக் காலமில்லை' என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி. அனந்தகிருஷ்ணன் அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தார். லாகை அழிக்கச் சொன்னது பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்ம்ருதிக்கு மன்னிப்புக் கடிதம் போனது. வக்கீல் பார்த்துத் திருத்தியதில் அது மன்னிப்பு மாதிரியே இல்லை. அவளுடைய புகாருக்கு எங்கே என்ன பதில் கிடைத்தது என்று விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியவில்லை.

நடந்தது ஒன்றுதான். டாக்டரின் கையெழுத்தோடு ஒரு உத்தரவு அவள் கைக்கு வந்தது. மூன்று வாரம் அவள் ராட்சசி மாதிரி வேலை செய்தாள். விட்டுப் போனவர்களின் லாகின்களை மூடினாள், நாற்பத்துமூன்று இருந்தன. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. தன் வார்டு நோயாளியைத் தவிர வேறு யார் ஃபைலும் திறக்காது. ஒரு மூத்த டாக்டர் எல்லோர் முன்னாலும், "உனக்கு எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"பேஷண்ட் நம்பிக்கைக்குத்தான் சார் இது" என்றாள். அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியதில்லை என்று அவள் நினைத்தாள்.

பிளஸ்ஸியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் வந்தாள், சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போவதற்கு. "எல்லார் முன்னாடியும் போர்டுல போட்டாங்கக்கா. சர்ச்சு வரைக்கும் வந்திடுச்சு. 'தப்பு எங்களுது'ன்னு ஒருத்தரும் சொல்லல. இங்க எப்படி ஊசி போடுவேன்?" என்றாள். விஷ்ணுப்ரியா மட்டும் சொன்னாள்: "தப்பு என்னுது பிளஸ்ஸி. அன்னிக்கு நான் திரும்பப் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்." பிளஸ்ஸி அதற்குத் தலையாட்டினாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததே சரி என்று விஷ்ணுப்ரியாவுக்குத் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பல்லாவரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள் பிளஸ்ஸி.

"அக்கா, மொத நாளே ஒரு சீட்டுல பாஸ்வேர்டு எழுதிக் குடுத்தாங்க. இந்த வார்டுல எல்லாருக்கும் இதான்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சீட்ட திருப்பிக் குடுத்துட்டேன். என் பேர்ல தனியா ஒண்ணு குடுங்க, இல்லேன்னா நான் கம்ப்யூட்டரத் தொட மாட்டேன், பேப்பர்ல எழுதி சைன் பண்றேன்னு சொன்னேன். வந்த மொத நாளே திமிரப் பாருன்னு ஒரு சிஸ்டர் சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் வெளிய உக்கார வெச்சாங்கக்கா."

"அப்புறம்?"

"குடுத்தாங்க" என்றாள் பிளஸ்ஸி. "குடுக்காம?"